எலுமிச்சை கேக்கில் கைதவறும் இடங்கள்: அப்பாயியின் பானகத்தை நினைத்து

எலுமிச்சம்பழம் வாங்கும்போது என் அப்பாயி பழத்தை அமுக்கிப் பார்க்க மாட்டார். கட்டைவிரல் நகத்தால் தோலில் சின்னதாக ஒரு கீறல் போட்டு மூக்கருகே கொண்டுபோவார். வாசம் ஏறிய பழம் பைக்குள் போகும், மற்றது கடைக்காரரிடமே திரும்பும். பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். ராமநவமிக்கு அவர் கல்சட்டியில் பானகம் கரைப்பார். தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு டம்ளரோடு வந்து நிற்போம். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். அவர் போன பிறகு அந்த வாசத்தை ஒரு கேக்கில் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அப்பாயி கேக் சுட்டவர் இல்லை. எங்கள் வீட்டுக்கு ஓவன் வந்ததே அவர் காலத்துக்குப் பிறகுதான். ஆனாலும் இது அவருக்கான கேக்.

சரியாக வருவதற்கு மூன்று வருடம் பிடித்தது. அந்த மூன்று வருடத்தில் செய்த தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய்த் தவறு, வாசத்தைச் சாற்றில் தேடுவது. முதல் தடவை ஆறு பழத்தின் சாற்றை மாவில் ஊற்றினேன். கேக் புளித்தது, அடியில் களி மாதிரி அடைந்து கிடந்தது, வாசம் மட்டும் இல்லவே இல்லை. சாறு தருவது புளிப்பை. எலுமிச்சையின் வாசம் தோலில் புள்ளி புள்ளியாகத் தெரிகிற எண்ணெய்ப் பைகளுக்குள் இருக்கிறது. சின்ன வயதில் எலுமிச்சைத் தோலை விளக்குச் சுடர் பக்கம் வளைத்துப் பிழிந்து பொறி பறக்கவிட்டிருப்போமே, அந்த எண்ணெய்தான் இது.

அதனால் பழத்தை நறுக்குவதற்கு முன்பே, முழுசாக இருக்கும்போதே, துருவியின் மிகச் சிறிய துளைப் பக்கத்தில் தோலை உரசி எடுக்க வேண்டும். நறுக்கிய பிறகு அரை மூடியைத் துருவப் போனால் அது நழுவும், விரல்தான் அடிபடும். துருவலை நேராகச் சர்க்கரை மேலேயே விழவிட்டு, விரல் நுனியால் இரண்டு நிமிடம் தேய்க்கவும். சர்க்கரைக் குருணை தோலைக் கிழித்து எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ஈர மணல் பதத்துக்கு வந்ததும் நிறுத்தலாம். முதல் தடவை அப்படித் தேய்த்துவிட்டுக் கையைக் கழுவப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். அது அப்பாயியின் கை வாசம். பானகம் கரைக்கும்போது பிழிந்த மூடிகளை எறியாமல், வெல்லத் தண்ணீருக்குள் போட்டு ஒரு பிசை பிசைந்துவிட்டுத்தான் எடுப்பார். அதற்கான காரணம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

துருவும்போது வெள்ளைத் தோல் தெரிந்தால் உடனே பழத்தைத் திருப்பிவிட வேண்டும். அந்த வெள்ளையில் கசப்பு உண்டு. சுட்ட பிறகு, அதுவும் மறுநாள், நாக்கின் அடியில் அது நிற்கும். நம் ஊர்ப் பழத்துக்குத் தோல் மெலிசு. ஒரே இடத்தில் இரண்டாவது தடவை உரசினாலே வெள்ளை வந்துவிடும்.

இங்கே இன்னொரு குழப்பம். வெளிநாட்டுச் செய்முறையில் லெமன் என்று எழுதியிருப்பது நம் எலுமிச்சை இல்லை. அது பெரியது, தோல் தடித்தது, ஒரு பழத்திலேயே இரண்டு மூன்று மேசைக்கரண்டி சாறு வரும். நம்முடையது லைம் வகை. நல்ல பழமாக இருந்தாலும் ஒன்றிலிருந்து ஒரு மேசைக்கரண்டியோ சற்று கூடவோதான் சாறு கிடைக்கும், தோல் துருவல் ஒரு டீஸ்பூன் தேறாது. புளிப்பும் நம்முடையதில் கூர்மை. ஆகவே 'ஒரு லெமன்' என்று போட்டிருந்தால் ஒரு பழத்தோடு நிறுத்தக் கூடாது. தோலுக்காக நான்கைந்து பழம் வேண்டும், ஆனால் அத்தனையின் சாறும் மாவுக்குள் போகக் கூடாது. மிச்சச் சாற்றுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

ஏழு அங்குல வட்டத் தட்டுக்கு நான் போடும் அளவு இது. மைதா 190 கிராம், சர்க்கரை 160 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 240 கிராம், வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெய் 110 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஐந்து பழத்தின் தோல் துருவல், ஒரே ஒரு மேசைக்கரண்டி சாறு. முட்டை இல்லை. நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம், அதன் மணம் எலுமிச்சையை மூடிவிடும்.

சோடா அளவில் தயவுசெய்து கைகூட்டாதீர்கள். இரண்டாம் வருடம், புளிப்பு அதிகமாயிற்றே என்று ஒரு டீஸ்பூன் நிறையப் போட்டேன். கேக் நன்றாக எழும்பி, பழுப்பேறி, பார்க்க அழகாக வந்தது. வாயில் வைத்தால் சோப்பு. கால் டீஸ்பூன் சோடா ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றின் புளிப்பைத் தின்றுவிடும். மேலே சொன்ன அரை டீஸ்பூனுக்கு மாவிலுள்ள தயிரும் சாறும் சேர்ந்து சரியாகப் போகும். சோடாவும் புளிப்பும் தொட்ட நிமிடமே நுரைக்க ஆரம்பிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. மாவைக் கலந்து வைத்துவிட்டு அப்புறம் ஓவனைப் போட்டால், அது சூடாவதற்குள் காற்றெல்லாம் போய்விடும். ஓவனை முதலில் போட்டுவிட்டுத்தான் மாவில் கைவைக்க வேண்டும்.

வெண்ணெய் போட்டால்தான் கேக் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடித்துக் காற்றேற்ற வெண்ணெய் 18, 20 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரை மாதம் நம் அடுப்படியில் அது நடக்குமா? கிண்ணத்தில் வைத்த வெண்ணெய் கண்முன்னே உருகி ஓடும், அடித்தாலும் காற்று நிற்காது. மார்கழியில் வேண்டுமானால் வெண்ணெயில் செய்து பாருங்கள். ராமநவமி கேக்குக்கு எண்ணெய்தான் ஏற்றது. குளிரில் வைத்தாலும் இறுகாமல் மெத்தென்றே இருக்கும்.

பித்தளை, அலுமினியப் பாத்திரத்தில் எலுமிச்சை பிழியக் கூடாது என்பது வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் சொன்னதுதான். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் எதுவானாலும் சரி.

தயிரையும் வாசமேறிய சர்க்கரையையும் கலந்து, எண்ணெய், சாறு சேர்த்து, பேக்கிங் பவுடர், சோடா, உப்போடு சலித்த மைதாவை இரண்டு தவணையாகப் போட்டு மடித்துக் கலக்கவும். தோசை மாவு மாதிரி சுற்றிச் சுற்றிக் கலக்கினால் மைதாவின் பசைத்தன்மை இழுபட்டு ரப்பர் போலாகும். மாவுக் கோடு மறைந்ததும் நிறுத்த வேண்டும், சின்னச் சின்னக் கட்டி இருந்தால் பரவாயில்லை.

ஓவனில் 170 டிகிரி, 35 முதல் 45 நிமிடம். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம். சின்ன ஓவன்களில் குமிழில் 170 என்று இருந்தாலும் உள்ளே அதே சூடு இருக்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான், நான் வாங்கிப் பார்த்தபோது இருபது டிகிரி வித்தியாசம் காட்டியது. ஓவன் இல்லாதவர்கள் பழைய கனமான பாத்திரத்தின் அடியில் உப்போ மணலோ பரப்பி, மேலே ஒரு தாங்கி வைத்து, மூடி சிறு தீயில் சுடலாம். குக்கரில் செய்தால் காஸ்கெட்டும் வெயிட்டும் கட்டாயம் கழற்றியிருக்க வேண்டும்.

இனி மிச்சச் சாற்றின் வேலை. இந்தக் கேக் பானகமாவது இங்கேதான், அதிகம் பேர் கெடுப்பதும் இங்கேதான். 75 கிராம் வெல்லத்தை 75 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடவும். எங்கள் பக்கம் வீரமாங்குடி அச்சுவெல்லம் பேர்போனது, நான் அதைத்தான் போடுகிறேன். கம்பிப் பதத்துக்குக் காய்ச்சினால் கேக் குடிக்காது, மேலே பசைபோல் உட்கார்ந்துகொள்ளும். இறக்கிய பிறகு, கை பொறுக்கிற சூட்டில் சுக்குப்பொடி, இரண்டு ஏலக்காய்ப் பொடி, உப்பு, கடைசியாக இரண்டு மேசைக்கரண்டி சாறு. சாற்றை வெல்லத்தோடு கொதிக்கவிட்டால் பச்சை எலுமிச்சையின் துள்ளல் போய், ஊறுகாய் வாடை வரும். பிழிந்த மூடி ஒன்றைப் போட்டு ஒரு பிசை பிசைந்து எடுப்பதை நான் விடுவதில்லை.

மாவிலேயே சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமே என்று தோன்றும். போட்டுப் பார்த்தேன். வெல்ல வாசம் எழுந்து நின்று எலுமிச்சையைப் பேசவே விடவில்லை. மாவுக்குச் சர்க்கரை, மேலே ஊற்ற வெல்லம்.

கேக் வெந்து பத்து நிமிடம் ஆன பிறகு, தட்டிலேயே வைத்து, குச்சியால் அடிவரை குத்தி, கரண்டி கரண்டியாக ஊற்றவும். ஒன்று உள்ளே இறங்கிய பிறகுதான் அடுத்தது. ஆறிப்போன கேக்கில் ஊற்றினால் மேல்பகுதி மட்டும் சொதசொதவென்று ஆகும்.

நாரத்தை மரம் இருக்கிற வீட்டுக்காரர்கள் அதன் இலையையும் பயன்படுத்தலாம். தஞ்சாவூர்ப் பக்கத்து வேப்பிலைக்கட்டியில் வேப்பிலையே கிடையாது, நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும்தான் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். அந்த இலை இரண்டை நடு நரம்பு நீக்கி, கசக்கி, வெல்லத் தண்ணீர் சூடாக இருக்கும்போது ஐந்து நிமிடம் போட்டு எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் கிடந்தால் கசக்கும். நாரத்தங்காய்த் தோலை மாவில் போடுவதாக இருந்தால் அரை டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம், அதன் காட்டம் எலுமிச்சையை விழுங்கிவிடும்.

சுட்ட அன்றைக்கே வெட்டுவதும் தவறுதான். பாகு நடுவரை இறங்க ஒரு ராத்திரி வேண்டும். மறுநாள் புளிப்பும் சுக்கும் ஒன்றுகலந்து கேக் வேறாகியிருக்கும். அதற்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ஈரமான கேக், ஈரக்காற்று, இரண்டும் சேர்ந்தால் பூஞ்சை சீக்கிரம் பூக்கும். குளிர்சாதனப் பெட்டியில் நாலு நாள் தாங்கும்.

போன வருடம் ராமநவமிக்கு மறுநாள் காலை அப்பாவுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினார். அதையும் தின்று முடித்த பிறகு, "அம்மா சுக்கு இன்னும் கொஞ்சம் தூக்கலா போடும்பா" என்றார்.

அதுவரை கால் டீஸ்பூன் சுக்குப்பொடிதான் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அரை டீஸ்பூன்.