குழந்தைக்கு முதல் குவாட் பைக்: உடம்புக்கு ஏற்ற வண்டியைத் தேர்வு செய்வது எப்படி

பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்கும்போது, வளரும் பிள்ளை என்று சொல்லி ஒரு சுற்றுப் பெரிதாக அளவு கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். செருப்பையும் சைக்கிளையும்கூட இரண்டு வருடமாவது வர வேண்டும் என்ற கணக்கில்தான் வாங்குகிறோம். நான்கு சக்கரங்களில் மண்தரையில் ஓடும் மோட்டார் வண்டியான குவாட் பைக்குக்கு அந்தக் கணக்கு அறவே பொருந்தாது. சட்டை தொளதொளவென்று இருப்பதால் பிள்ளைக்கு எந்தக் கேடும் இல்லை. ஆனால் எடை மிகுந்த வண்டி கவிழ்ந்தால், அதன் அடியில் சிக்கிக்கொள்வது பிள்ளைதான்.

நாங்கள் பெங்களூரு ஜீவன்பீமா நகரில் வசிக்கிறோம். ஆனேக்கல் பக்கம் என் மாமனாருக்குக் கொஞ்சம் நிலம் இருப்பதால், ஆறரை வயது மகளுக்கு ஒரு குவாட் வாங்கலாம் என்று சென்ற ஆண்டு கடைகளை விசாரித்தேன். முதலில் போன கடையில், "நூத்திப்பத்து சிசி எடுத்துக்குங்க சார், பத்து வயசு வரைக்கும் கவலையே இல்ல" என்றார்கள். மகளை அதன்மேல் உட்கார வைத்துப் பார்த்தேன். பிரேக் லீவரை அவளுடைய விரல் நுனிகள் தொட்டனவே தவிர, அதை இழுக்க அவற்றால் முடியவில்லை. விலையோ நிறமோ பேசுவதற்கு முன்பே அந்த வண்டி எனக்கு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

வண்டியைத் தேடுவதற்கு முன்பு, அது ஓடப்போகும் இடத்தை முடிவு செய்யுங்கள். நம் நாட்டில் இந்தச் சிறுவர் வண்டிகள் சாலைக்கு உரியவை அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அந்தச் சிறாருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமமும் கிடைக்காது. எனவே, லேஅவுட்டின் உள்சாலைதானே என்ற நினைப்பு வேண்டாம். சட்டத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான சிறுவர் குவாட்களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். மண்ணில் ஒரு சக்கரம் சற்று வழுக்கி வண்டி திரும்பிவிடும். தார்ச்சாலையில் அந்த வழுக்கல் கிடைக்காமல் வண்டி முரண்டு பிடித்துக் கவிழப் பார்க்கும்.

மாமனாரின் நிலத்தையும் முதலில் நடந்தே பார்த்தேன். ஒரு மூலையில் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு, வரப்பு ஓரம் முள்கம்பி, சொட்டுநீர்க் குழாய்கள், துணி காயப்போடக் கட்டிய கம்பி என்று பார்த்தபோது, அந்த ஒரு ஏக்கரில் ஓட்டத் தகுந்ததாகத் தேறியது ஒரு மூலைச் சதுரம் மட்டுமே. துணிக்கம்பியை அவிழ்த்து, கிணற்றுப் பக்கத்தை மரக்கட்டைகளால் அடைத்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனேன்.

வயதைப் பொறுத்தவரை, 16 வயதுக்கு உட்பட்டவர்கள் இவ்வகை வண்டியை ஓட்டவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்களின் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கருத்து. அதைப் படித்துவிட்டு வாங்காமல் விட்டால், அதுவும் நல்ல முடிவே. அதே நாட்டின் தயாரிப்புத் தரவிதிகள் 6 வயதுக்கு மேற்பட்டோருக்கான வகையில் வேகத்தை மணிக்கு சுமார் 16 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தியும், கட்டுப்பாட்டை நீக்கினாலும் சுமார் 24-ஐத் தாண்டாமலும் வண்டி செய்ய வேண்டும் என்கின்றன. 16 கிலோமீட்டர் குறைவாகத் தோன்றலாம். ஆனால் செருப்பணிந்த அப்பா வரப்பில் ஓடிப்போய்ப் பிடிக்கக்கூடிய வேகம் அல்ல அது.

ஆறு வயது நிரம்பாத பிள்ளைக்கு பெட்ரோல் வண்டி வேண்டவே வேண்டாம். 6 அல்லது 12 வோல்ட் பேட்டரியில் நடைவேகத்தில் ஓடும் பொம்மைக் குவாட் போதும். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதால், அதைப் பார்த்தே வாங்குங்கள். இவற்றில் பலவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. மிதியை விட்டால் மோட்டாரே வண்டியை நிறுத்தும். அதனால் அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட் ராம்ப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஓட்டி முடித்ததும் பேட்டரியை சார்ஜ் செய்து வையுங்கள். தீர்ந்துபோன லெட் ஆசிட் பேட்டரியை மாதக்கணக்கில் அப்படியே விட்டால் அது மீளாது.

ஆறு வயதுக்கு மேல் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 36 வோல்ட் வகை மின்சாரக் குவாட்; மற்றொன்று 50 சிசி அளவுள்ள பெட்ரோல் வண்டி. முதல் வண்டியாக நான் மின்சாரத்தையே பரிந்துரைப்பேன். சத்தம் இல்லாததால் "நிறுத்து" என்று நாம் கத்துவது பிள்ளையின் காதில் விழும். சுட்டுவிடும் சைலன்சர் இல்லை. பல வண்டிகளில் உச்ச வேகத்தைச் சாவியால் பூட்டி வைக்கலாம். பெட்ரோல்தான் என்றால், கிடைப்பதில் எடையும் சக்தியும் குறைந்ததைத் தேடுங்கள். பெயர் பெற்ற நிறுவனங்களின் 50 சிசி வண்டிகூட ஏறத்தாழ 100 கிலோ இருக்கும் என்பதையும், உங்கள் பிள்ளை 20 கிலோ என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்லாமல் வாங்காதீர்கள். இரண்டு கால்களையும் மிதியில் ஊன்றி எழுந்து நிற்கச் சொல்லுங்கள். இருக்கைக்கும் உடம்புக்கும் இடையே நான்கு விரற்கடைக்குக் குறையாத இடைவெளி வேண்டும். மேடுபள்ளத்தில் முழங்காலை மடக்கி எழ முடியாத பிள்ளை ஒவ்வொரு குலுக்கலிலும் தூக்கி எறியப்படும். ஹேண்டிலை ஒருபக்கம் முழுவதுமாகத் திருப்பும்போது, தொலைவில் போகும் கை நீண்டு விறைக்கக் கூடாது; உடம்பும் அதோடு சாயக் கூடாது. விரல்களை நீட்டினால், அவற்றின் முதல் மடிப்பு பிரேக் லீவரைத் தாண்டி இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரைக் கட்டைவிரலால் தள்ளியபடியே ஹேண்டிலைப் பிடித்திருக்க முடிகிறதா என்றும் பாருங்கள். பாதத்துக்குக் கீழே முழுத் தட்டு உள்ள வண்டியையே எடுங்கள். வெறும் கம்பி மிதியாக இருந்தால், கால் வழுக்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் விழும்.

வண்டியின் சோதனைகளைக் கடைக்காரர் முன்னிலையிலேயே செய்யுங்கள். பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்து எஞ்சினை இயக்கினால், ஆக்சிலரேட்டரைத் தொடாதவரை சக்கரம் வேகமெடுத்துச் சுழலக் கூடாது. சுழன்றால் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம், அதிகம் என்று பொருள்; தரையில் இறக்கியதும் வண்டி தானாக நகரும். எஞ்சின் ஓடும்போதே ஹேண்டிலை இடது கடைசிவரையும் வலது கடைசிவரையும் திருப்புங்கள். நான் பார்த்த ஒரு பழைய வண்டியில், இடப்பக்கம் திருப்பியதும் எஞ்சின் சத்தம் உயர்ந்தது. கேபிள் இழுபடுவதுதான் காரணம். வளைவில் திரும்பும் பிள்ளைக்குத் தன்னால் வேகம் கூடும் அந்த வண்டியை யாரும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. பிள்ளையின் மணிக்கட்டில் கட்டும் கில் சுவிட்ச் கயிறு அவசியம்; பிள்ளை விழுந்து அது இழுபட்டால் எஞ்சின் அணைந்துவிடும். அதைப் பத்து முறை இழுத்து, பத்து முறையும் எஞ்சின் அணைகிறதா என்று பாருங்கள். செயினுக்கு மூடி வேண்டும். பிரேக் லீவர், கேபிள் போன்ற உதிரிகள் அங்கேயே கிடைக்குமா என்பதைப் பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

ஹெல்மெட்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். புருவத்துக்கு மேலே தலையின் சுற்றளவை டேப்பால் அளந்து, ஐஎஸ்ஐ முத்திரையுள்ள சிறுவர் ஹெல்மெட்டை வாங்குங்கள். இதிலும் பெரிய அளவு கூடாது. கணுக்காலை மூடும் ஷூ, கையுறை, செம்மண் தூசுக்குக் கண்ணாடி ஆகியவையும் தேவை. பாவாடை, துப்பட்டா, தொங்கும் கயிறு எதுவும் பின் அச்சுக்கு அருகில் வரக் கூடாது. பின்னால் தம்பியையோ தங்கையையோ ஏற்றக் கூடாது.

ஆக்சிலரேட்டருக்கு அருகில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதை உள்ளே திருகினால் கட்டைவிரலால் முழுவதும் தள்ள முடியாது. வண்டி மெதுவாகவே போகும். நான் அதை முடிந்தவரை உள்ளே திருகிவிட்டு, முதல் நாள் அரைமணி நேரம் வண்டியை அணைத்தபடியே தள்ளிக்கொண்டு போய் மகளுக்கு பிரேக் பிடிக்க மட்டும் பழக்கினேன். பிறகு செம்மண்ணில் கோலமாவால் ஒரு கோடு போட்டு, அதற்குள் நிறுத்தச் சொன்னேன். தொடர்ந்து பத்து முறை கோட்டைத் தாண்டாமல் நிறுத்திய நாளில்தான் திருகைக் கால் சுற்று வெளியே எடுத்தேன். அதற்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.