பாஷ் பிராம்ப்ட்டுக்கு நிறம் கொடுக்க

லினக்ஸ் டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல் பாஷ். கட்டளைக்காகக் காத்திருக்கும்போது அது வரியின் தொடக்கத்தில் காட்டும் எழுத்துகள்தான் பிராம்ப்ட். அதன் தோற்றம் முழுக்க பிஎஸ்1 (PS1) என்ற மாறியில் இருக்கிறது. முதலில் டெர்மினலிலேயே மாற்றிப் பாருங்கள். சொதப்பினால் மூடித் திறந்தால் பழையது வந்துவிடும். பிடித்துப்போனால் ஹோம் டைரக்டரியிலுள்ள .பாஷ்ஆர்சி (.bashrc) என்ற பாஷ் அமைப்பு ஃபைலின் கடைசியில் சேர்த்துவிடலாம்.

நிறக் குறி \033[ என்று தொடங்கும், அடுத்து எண், முடிவில் சின்ன எம் (m). 31 சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள், 34 நீலம். எண்ணுக்கு முன்னால் 1; சேர்த்தால் தடித்த எழுத்து. கடைசியில் 0 போட்டு நிறத்தை நிறுத்த மறந்தால், நீங்கள் தட்டும் கட்டளையும் அதே நிறத்தில் ஓடும்.

பலரும் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். ஒவ்வொரு நிறக் குறியையும் \[ மற்றும் \] நடுவே வைக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்துகளையும் பாஷ் அகலக் கணக்கில் சேர்த்துவிடும். நீளமான கட்டளை அடுத்த வரிக்கு இறங்காமல் அதே வரியின் மேலேயே எழுதும். மேல் அம்புக்குறியை அழுத்திப் பழைய கட்டளைகளைப் புரட்டினால் துண்டு துக்காணியாக எழுத்துகள் மிச்சம் நிற்கும். நிறத்தில் கோளாறு என்று தேடினால் கிடைக்காது, கோளாறு எண்ணிக்கையில்.

பிஎஸ்1-க்குக் கொடுக்கும் மதிப்பை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். பிராம்ப்ட்டில் \$ என்று எழுதினால் சாதாரணப் பயனருக்கு $, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கு # என்று காட்டும். இரட்டையில் \$ வெறும் $ ஆகிவிடும். ரூட்டாக நுழைந்தாலும் # வராது. ரூட்டின் .பாஷ்ஆர்சியில் தனியாக 1;31 (தடித்த சிவப்பு) போட்டு வைப்பது நல்லது.