பல் சொத்தை: தெரிந்துகொண்டே செய்கிற தவறுகள்

இனிப்பு தின்றால் பல் சொத்தையாகும் என்பது எந்த நாட்டிலும் ஐந்து வயதுப் பிள்ளைக்கே தெரியும். ஆனாலும் சில நாடுகளில் சொத்தை நன்றாகக் குறைந்திருக்கிறது, சில நாடுகளில் குறையவே இல்லை. தெரிந்ததை எப்போது, எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம், நம் வீடுகளில் கோட்டை விடுவதும் அங்கேதான்.

முதலில், சர்க்கரையின் அளவை மட்டும் கணக்குப் பார்ப்பது. "டீக்கு அரை ஸ்பூன்தான் போடுகிறேன்" என்பார்கள். ஆனால் அந்த டீயைக் காலை ஆறுக்கு, பதினொன்றுக்கு, நாலுக்கு, ஆறரைக்கு என்று குடித்து ஒவ்வொரு முறையும் இரண்டு பிஸ்கட்டை முக்கித் தின்பார்கள் (நானும் அந்தக் கட்சிதான்). சர்க்கரை உள்ளே போகும்போதெல்லாம் வாயிலுள்ள பாக்டீரியா அதை அமிலமாக்கும், எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் அடுத்தது வந்துவிட்டால்?

ஸ்வீடனில் 1940களில் வீப்பெஹோல்ம் என்ற காப்பகத்தில், அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கு, அவர்கள் சம்மதமே இல்லாமல் டாஃபி கொடுத்துச் சோதித்தார்கள். இன்று நினைத்தாலும் கூசுகிற வேலை. ஆனால் சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரை அவ்வளவாகக் கெடுக்கவில்லை, நடுநடுவே மென்று பல்லில் ஒட்டிக்கொண்ட டாஃபிதான் பல்லைத் தின்றது என்பது அதில் தெளிவானது. அதற்குப் பிறகுதான் அங்கே பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும் என்ற வழக்கம் பரவியது. மிட்டாயே கூடாது என்று சொல்லவில்லை பாருங்கள், கிழமையைத்தான் குறித்தார்கள்.

அப்புறம், பல் தேய்த்த கையோடு நாலைந்து தரம் வாய் கொப்பளிப்பது. பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடுதான் பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் தாது, அது பல்லில் தங்கினால்தான் பலன், நாம் அதை வாஷ்பேசினில் கழுவி விடுகிறோம். பிரிட்டனில் பல் மருத்துவர்கள் 'துப்பு, கொப்பளிக்காதே' என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் இரண்டு நாள் வாய் வழவழ என்றிருக்கும், பழகிவிடும். காலையில் மட்டும் தேய்ப்பதும் இதே ரகம். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும், அதனால் இரவுத் தேய்ப்பைத்தான் விடவே கூடாது.

பால் பல்லை, "விழப் போகிற பல்தானே" என்று விடுவது இன்னொன்று. கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கும், அது முன்னாடியே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து, வர வேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் போகும். ஸ்காட்லாந்தில் மழலையர் பள்ளிகளிலேயே ஆசிரியர்கள் பக்கத்தில் நின்று தினமும் தேய்க்க வைக்கிறார்கள். இங்கே பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கவிடுகிறோம்.

ஃபுளோரைடில் அடுத்தவன் ஊரை அப்படியே காப்பியடிக்க முடியாது. அமெரிக்காவில் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் 1945ல் குடிநீரில் ஃபுளோரைடைக் கலக்கத் தொடங்கியது. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே அது அளவுக்கு மீறிக் கிடக்கிறது, பல்லில் பழுப்புக் கறை அதனால் வந்ததுதான், ஒகேனக்கல் காவிரி நீரைக் கொண்டுவந்ததும் அதற்காகத்தான். அதற்காக ஃபுளோரைடு என்றாலே விஷம் என்று பேஸ்ட்டையும் ஒதுக்குவது தவறு. தண்ணீர் விழுங்குவது, பேஸ்ட் துப்புவது. டியூபின் பின்பக்கம் ஃபுளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வரை பட்டாணி அளவு, போதும்.

கடைசியாக, வலி வந்தால்தான் டாக்டர் என்பது. ஜப்பான் 1989லேயே 80 வயதில் 20 சொந்தப் பல் என்று இலக்கு வைத்தது, 2016 கணக்கெடுப்பில் அந்த வயதுக்காரர்களில் பாதிப் பேர் அதை எட்டியிருந்தார்கள். இங்கே மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று இன்னும் பயப்படுகிறோம். போகாது. கிராம்புத் தைலம் வலியைத்தான் அடக்கும், குழி அதுபாட்டுக்குப் பெரிதாகிக்கொண்டிருக்கும்.