வயதான நோயாளியின் வலியைக் கவனிப்பது எப்படி? வார்டுக்குப் புதிதாக வந்த செவிலியர்களுக்கு

இடுப்பெலும்பு முறிந்தோ அறுவை சிகிச்சை முடிந்தோ படுத்திருக்கும் பெரியவரிடம் "வலிக்குதா?" என்று கேட்டால், "பரவாயில்லைம்மா" என்பார். அசையாமல் கிடப்பதால் அந்த நேரத்துக்கு அது உண்மையாகக்கூட இருக்கும். ஆனால் அதை வைத்து 'வலி இல்லை' என்று எழுதிவிடக் கூடாது.

1. அசையும்போது கேளுங்கள்

காது கருவி, கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அப்புறம் புரளச் சொல்லுங்கள், இருமச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கேளுங்கள். குடையுதா, குத்துதா, கடுக்குதா, எரியுதா என்று மாற்றி மாற்றிக் கேட்டால் பதில் வரும். 0 முதல் 10 வரை எண் சொல்லத் தடுமாறினால், 'இல்லை, கொஞ்சம், அதிகம்' போதும்.

2. சொல்ல முடியாதவரை உற்றுப் பாருங்கள்

மறதி நோய் உள்ளவர்களுக்கு வலியைக் கணிக்கும் 'பெய்ன்ஆட்' (PAINAD) அளவுகோல் உதவும். மூச்சு, முனகல், முகம், உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். விரிப்பு மாற்றப் புரட்டும்போது நெற்றி சுருங்கி, கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, உங்கள் கையைத் தட்டிவிடுகிறாரா? தயவுசெய்து அதை 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதாதீர்கள். அது வலியாக இருக்கலாம். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் திடீரென்று குழம்பினால், நோய்த்தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் ஆகியவற்றோடு, அடங்காத வலியையும் சந்தேகப்பட வேண்டும். வலி மருந்தால் குழப்பம் வரும் என்று பயந்து மருந்தையே நிறுத்துவது சரியல்ல; வலியே குழப்பத்தைக் கொண்டுவரும்.

3. மருந்துச் சீட்டை மருத்துவரோடு சேர்ந்து பாருங்கள்

அடிப்படை பாராசிட்டமால்தான். 'தேவைப்பட்டால்' என்று விடாமல் நேரம் தவறாமல் கொடுத்தால்தான் பலன். எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ கல்லீரல் பாதிப்பு இருந்தாலோ அளவு குறைய வேண்டும், எடையைச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தையும் வயிற்றையும் இதயத்தையும் பதம் பார்க்கும். மார்ஃபின் வகை மருந்துகளை இளையவர்களுக்குத் தருவதில் கால் பங்கு முதல் பாதி அளவில் தொடங்குவது வழக்கம். அன்றைக்கே மலமிளக்கியும் தொடங்கிவிட வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மார்ஃபின் உடலில் தேங்கும். அதே வகையைச் சேர்ந்த பெத்திடினைத் தவிர்ப்பது நல்லது. இடுப்பெலும்பு முறிவு என்றால், நரம்பு மரப்பு ஊசி போட முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

4. திரும்பப் போய்ப் பாருங்கள்

பலர் விட்டுவிடுவது இதைத்தான். ரத்தக்குழாய் வழியாக ஏற்றிய மருந்து என்றால் 15 முதல் 30 நிமிடத்தில், மாத்திரை என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கட்டிலருகே போய், மறுபடி அசையச் சொல்லிக் கேட்டுக் குறித்துவையுங்கள். மார்ஃபின் கொடுத்திருந்தால் மயக்கத்தையும் மூச்சையும் சேர்த்துப் பாருங்கள். மூச்சு குறைவதற்கு முன் பெரும்பாலும் தூக்கக் கலக்கம்தான் தலைகாட்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகினால் அடுத்த டோஸை நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் நடக்கவைக்க எப்போது வருகிறார் என்று காலையிலேயே கேட்டுவைத்து, மாத்திரையை அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுங்கள்.