மழை ஆண்டின் பரோலோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் வடமேற்கே, பியமோந்தே மாநிலத்தின் லாங்கே குன்றுகளில் விளையும் நெப்பியோலோ திராட்சையிலிருந்து மட்டுமே பரோலோ ஒயின் தயாரிக்கப்படுகிறது. அது குறைந்தது 38 மாதங்கள் முதிர்ந்த பின்னரே விற்பனைக்கு வர வேண்டும் என்பதும், அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் கழிய வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. இதனால், ஒரு பருவம் கெட்டுவிட்டது என்ற பேச்சு, அந்தப் பருவத்தின் ஒயினை யாரும் கடையில் வாங்குவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஊரெல்லாம் பரவிவிடுகிறது. 2014ஆம் ஆண்டின் பரோலோ அப்படிப் பெயர் கெட்ட ஒயின்களுள் ஒன்று.

ஆண்டுவாரி மதிப்பெண் அட்டவணையைப் பார்த்து அத்தகைய ஆண்டை முழுவதுமாக ஒதுக்கிவிடுவதுதான் வாங்குவோர் செய்யும் பெரிய தவறு. 2014இன் கோடை குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருந்தது என்பது உண்மையே. தெளித்த பூஞ்சை மருந்தை அடுத்த மழை கழுவிக்கொண்டுபோக, தோட்டக்காரர்கள் மீண்டும் மீண்டும் தெளிக்க வேண்டியிருந்தது. சில சரிவுகளில் ஆலங்கட்டியும் விழுந்தது. ஆனால் நெப்பியோலோ, வசந்தத்தில் முந்தித் துளிர்த்தாலும் எல்லாவற்றுக்கும் பிந்திப் பழுக்கும் இரகமாகும். தொல்செத்தோ, பார்பெரா என்னும் அப்பகுதியின் மற்றத் திராட்சைகள் அறுவடையாகிப் போன பிறகும் அக்டோபர் வரை அது கொடியிலேயே நிற்கும். ஆகவே, செப்டம்பரில் வானம் தெளிந்தபோது, முந்திப் பழுக்கும் இரகங்களுக்குக் கிடைக்காத வெயில் அதற்குக் கிடைத்தது. மேலும், அல்பா நகரத்துக்குத் தென்மேற்கே பரோலோவும் வடகிழக்கே பார்பரெஸ்கோவும் இருக்க, அதே ஆண்டில் பார்பரெஸ்கோ பக்கம் மழை குறைவாகவே பெய்தது. ஒரே திராட்சையை வளர்க்கும் இந்த இரு பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே எண்ணை இடும் அட்டவணையை நம்பி நல்ல புட்டியைத் தவறவிடுவானேன்?

ஆலங்கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சுவதும் இதைச் சேர்ந்ததே. எப்போது விழுந்தது என்பதையே முதலில் கேட்க வேண்டும். பழம் இன்னும் பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்கும்போது கல் பட்டால், பின்னர் வறண்ட காற்று வீசும் பட்சத்தில், அடிபட்ட மணி கறுத்துச் சுருங்கிக் காய்ந்துவிடும். கத்தரிக்கோலால் அதை வெட்டி எறிந்தால் மீதிக் குலை பிழைத்துக்கொள்ளும். சாறு ஏறிய பிறகு கல் பட்டால் தோல் கிழிந்து, ஒழுகும் சாற்றில் அழுகல் பிடித்து, பக்கத்து மணிகளுக்கும் பரவும். மழையில் நனைந்த 2002ஆம் ஆண்டில், செப்டம்பர் தொடக்கத்தில் விழுந்த ஆலங்கட்டி செய்தது இந்த இரண்டாவது வகைக் கேடுதான். பலர் அவ்வாண்டு பரோலோவே தயாரிக்கவில்லை. இருப்பினும் ஜியாகோமோ கொன்டெர்னோ நிறுவனம், தகுதியானவை எனத் தான் கருதும் ஆண்டுகளில் மட்டும் வெளியிடும் மொன்ஃபோர்தினோ என்னும் தன் உயர்தரப் பரோலோவை 2002இலும் வெளியிட்டது, 2014இலும் வெளியிட்டது.

புகழ்பெற்ற தோட்டத்தின் பெயர் லேபிளில் இருந்தால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. கடினமான ஆண்டில் நாணயமான தயாரிப்பாளர் எதைப் புட்டியில் அடைத்தார் என்பதைவிட, எதை அடைக்காமல் விட்டார் என்பதே அதிகம் சொல்லும். 1958இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கமான ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ, திருப்தி தராத ஆண்டுகளில் தனித்தனித் தோட்டத்தின் பெயரில் கூடுதல் காலம் முதிரவைத்து விற்கும் தன் ரிசர்வாக்களை நிறுத்திவிட்டு, அந்தப் பழத்தையெல்லாம் சாதாரணப் பார்பரெஸ்கோவில் சேர்த்துவிடுவது வழக்கம். 2014இல் அச்சங்கம் ரிசர்வாக்களை வெளியிட்டது என்பதே பார்பரெஸ்கோவின் நிலையைப் பற்றிய நல்ல சான்று. தனித்தோட்டப் புட்டி வராத ஆண்டில், அதைவிட மலிவான அடிப்படைப் புட்டி வழக்கத்தைவிடச் செறிவாக அமையலாம் என்பதை வாங்குவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. விலையைப் பார்த்து வாங்குவோருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அரிது என்பேன். பரோலோ என்ற பெயருக்குப் போதாது எனக் கருதிய ஒயினை லாங்கே நெப்பியோலோ என்ற எளிய பெயரில் இறக்கி விற்பவர்களும் உண்டு. அதையும் ஏளனமாகப் பார்க்க வேண்டாம்.

நிறம் வெளிறியிருக்கிறதே, மழைத் தண்ணீர் கலந்ததோ என்று சந்தேகிப்பவர்கள் இருக்கிறார்கள். நெப்பியோலோவின் நிறம் மிகச் சிறந்த ஆண்டுகளிலும் வெளிறியதுதான். சில ஆண்டுகளிலேயே விளிம்பில் செங்கல் சாயல் ஏறிவிடும். பலவீனத்தை நிறத்தில் தேடாமல் நாக்கில் தேட வேண்டும்: துவர்ப்பு வறண்டு பச்சைத் தண்டைப்போல் கடித்து, பழச்சுவை நடுவில் அறுந்துபோனால் அது பழுக்காத பழத்தின் குறி.

2010, 2016 போன்ற ஆண்டுகளின் பரோலோவை இருபது முப்பது ஆண்டுகள் வைத்திருப்பவர்கள், அதே பொறுமையை 2014க்கும் காட்டுவது பெரும்பாலும் வீண். மெலிந்த உடலுடைய ஒயினில் பழச்சுவை முதலில் வற்றும், புளிப்பும் துவர்ப்பும் எஞ்சி நிற்கும். மொன்ஃபோர்தினோ போன்ற விதிவிலக்குகளைத் தவிர, மற்றவற்றை இப்போதே திறந்துவிடலாம். கடும் வெப்பம் வாட்டிய 2003 வேறு கதை: அங்கே குறை உலர்ந்த பழத்தின் வாடையிலும் மிகுந்த சாராயக் காட்டத்திலும் தெரியும். மழை ஆண்டுக்குச் சொன்ன அளவுகோல் அதற்குப் பொருந்தாது.

பரிமாறும்போது நேரும் தவறுகள் சிறியவை, ஆனால் மென்மையான ஒயினை அவை எளிதில் கெடுத்துவிடும். வண்டல் அடியில் தங்குவதற்காக முதல் நாளே புட்டியை நிமிர்த்தி வைக்க வேண்டும். அறை வெப்பம் என்று சொல்வது ஐரோப்பாவின் பழைய கல் வீடுகளை மனத்தில் கொண்டதாகையால், 30 பாகை வெப்பமுள்ள வீட்டில் புட்டியைச் சிறிது நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 16 பாகையளவில் எடுப்பதே முறை. இளமையான, திடமான பரோலோவைப் போல மணிக்கணக்கில் டிகாண்டர் என்னும் அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி விட்டால் ரோஜாவையும் உலர்ந்த மூலிகையையும் நினைவூட்டும் நறுமணம் பறந்துவிடும். கிண்ணத்திலேயே மெல்லத் திறக்க விடுவது நல்லது. கூடவே பரோலோவில் ஊறவைத்து வேகவைத்த மாட்டிறைச்சி போன்ற கனமான உணவை வைத்தால் ஒயின் அடங்கிப்போகும். முட்டை மஞ்சள்கரு சேர்த்துப் பிசைந்து மெலிதாக நறுக்கிய தாயரின் என்னும் பாஸ்தாவை வெண்ணெயில் புரட்டி, இலையுதிர் காலமானால் மண்ணுக்கடியில் விளையும் மணமிக்க காளானான அல்பாவின் வெள்ளை ட்ரஃபிளையும் சீவிப் போட்டால் போதும்.