மடிக்கணினிக்குள் ஒரு சைபர் பயிற்சிக்கூடம்

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் ஐடி படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு: சைபர் பாதுகாப்பைக் காணொளி பார்த்து மட்டும் படிக்க ஏலாது, செய்துதான் பழக வேணும். அதுக்காக அயல்வீட்டு வைஃபையிலோ கல்முனைக் கடையொன்றின் இணையத்தளத்திலோ கை வைக்காதீங்க. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம்.

8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி போதும். ஒரு கணினிக்குள் வேறு கணினிகளை மென்பொருளாக ஓடவிடும் வர்ச்சுவல்பொக்ஸ் இலவசம். அதற்குள் இரண்டு கணினிகள்: தாக்கிப் பார்க்க காலி லினக்ஸ் (Kali Linux, பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் இயங்குதளம்), தாக்குதலை வாங்க மெட்டாஸ்ப்ளொய்டபிள் 2 (Metasploitable 2). ரேமில் காலிக்கு 2 ஜிபி, மற்றதற்கு 512 எம்பி ஒதுக்குங்க. காலி கோப்பு பெரியது, இரவு டேட்டாவில் இறக்குங்க.

நான் அழுத்திச் சொல்வது நெட்வேர்க் அமைப்பைத்தான். மெட்டாஸ்ப்ளொய்டபிளை வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்திருக்கிறார்கள். அதை பிரிட்ஜ்ட் முறையில், அதாவது வீட்டு நெட்வேர்க்கோடு நேரடியாக இணைத்து, விட்டால் வீட்டு ரவுட்டரில் இணைந்த எவரும் அதைத் தொடலாம். இரண்டையும் ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டரில் (உங்கள் மடிக்கணினிக்குள் மட்டும் அடங்கும் நெட்வேர்க்கில்) போடுங்க; இணையம் வராது, அதுதான் வேணும். காலியில் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

தொடங்குமுன் இரண்டுக்கும் ஸ்னாப்ஷொட் (அந்த நேர நிலையின் பதிவு) எடுங்க. எதைக் குழப்பினாலும் சில நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

முதல் பயிற்சி, மெட்டாஸ்ப்ளொய்டபிளில் எந்தப் போர்ட்டுகள் (சேவைகளுக்கான வாசல்கள்) திறந்திருக்கின்றன என்று காலியிலுள்ள என்மேப் கருவியால் பார்க்கும் ஸ்கேன். 21ஆம் போர்ட்டில் விஎஸ்எஃப்டிபிடி (vsftpd) 2.3.4 என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளைக் காட்டும். 2011இல் அந்தப் பதிப்புக்குள் யாரோ பின்கதவு (இரகசியமாக நுழையும் வழி) ஒளித்துவைத்தது கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கதையை வாசித்துவிட்டுத் தாக்கிப் பாருங்க.