தாமான் வீட்டு வாசலில் தானே முளைக்கும் பூந்தோட்டம்

இங்கிலாந்துக் கிராமத்து வீடுகளின் முன்னால் பூச்செடிகள் வரிசை இல்லாமல் நெருக்கியடித்து நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். காட்டேஜ் தோட்டம் என்பார்கள். அங்கே ஃபாக்ஸ்குளோவ் போன்ற செடிகள் தாமே விதை உதிர்த்து முளைத்துக்கொள்ளும். அந்த விதையை இணையத்தில் வாங்கிக் கோலாலம்பூரில் தூவினால் காசுதான் வீண். அது பூக்கக் குளிர்காலம் வேண்டும். நமக்கு நடுராத்திரியில்கூட 24 டிகிரி. பாணியை மட்டும் எடுத்துக்கொண்டு, செடிகளை நம் பாட்டிமார் வளர்த்தவற்றில் தேடுவோம்.

செடிகள்: காசித்தும்பை, வாடாமல்லி, கோழிக்கொண்டை, அந்திமந்தாரை, ஆரஞ்சு காஸ்மோஸ். வேலி இருந்தால் சங்குப்பூ. உலாம் ராஜாவும் காஸ்மோஸ் இனம்தான். கொழுந்தைக் கிள்ளி, சோற்றோடு பச்சையாகத் தின்னும் உலாமுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பூக்க விடலாம். விதையைத் தெரிந்தவர்கள் வீட்டில் கேளுங்கள், இல்லையென்றால் சுங்கை பூலோ நர்சரிகளில் ஒரு நடை பாருங்கள். பாக்கெட்டில் 'எஃப்1' என்று இருந்தால் அது கலப்பின விதை, வேண்டாம்: அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது.

மண்: தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாகப் பாருங்கள். தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் பெரும்பாலும் மேடேற்றக் கொட்டிய செம்மண்தான் இருக்கும். ஒரு சாண் ஆழம் கொத்தி, மட்கிய உரமும் கொஞ்சம் மணலும் கலந்தால் போதும். அதிக உரம் போட்டால் இலைதான் கொழுக்கும்.

விதைப்பு: ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மழையில் விதைத்தால் பாதி விதை லோங்காங்குக்கு, அதாவது சாக்கடைக்கு, போய்விடும். ஜூன், ஜூலை நல்லது. கோழிக்கொண்டை விதை மிகப் பொடி. காய்ந்த மணலில் கலந்து தூவி, உள்ளங்கையால் அழுத்துங்கள், மண் போட்டு மூட வேண்டாம். அந்திமந்தாரையை விரல் நுனி ஆழத்தில் ஊன்றலாம். சங்குப்பூ விதைக்குத் தோல் கெட்டி, ஓரிரவு ஊறட்டும். முளைவிடும்வரை பழைய வலை ஒன்றை மேலே விரித்து வைத்தால் மாலை மழை விதையை அடித்துப் போகாது.

அப்புறம், ஒவ்வொரு வகையிலும் ஒரு விதையைத் தனிச்சாடியில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். நாற்றின் முகம் பழகத்தான் இது. இல்லையென்றால் களை என்று நினைத்து நல்ல செடியையே பிடுங்கிவிடுவீர்கள். காசித்தும்பையின் தண்டு நீர்கோத்து வழவழவென்று இருக்கும், பிறகு வரும் இலைகளின் ஓரம் ரம்பம் போல். காஸ்மோஸ் இலை கீறிக் கீறி இருக்கும்.

கலைத்தல்: மனசு வராத வேலை இதுதான். முளைத்த எல்லாவற்றையும் விட்டால் எல்லாம் நோஞ்சானாகும், நெருக்கத்தில் பூஞ்சையும் பிடிக்கும். ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்குங்கள். கூட்டமாக நிற்பது போன்ற தோற்றம் செடி வளர்ந்ததும் தானாக வரும்.

விதை உதிர விடுதல்: இரண்டு மாதத்தில் காசித்தும்பை பூத்துவிடும். வாடிய பூவையெல்லாம் கிள்ளி எறியாதீர்கள். நடுவில் பருத்த, மெல்லிய ரோமம் படர்ந்த பச்சைக் காய் தொங்கும். முற்றியதைத் தொட்டால் போதும், ஐந்து கீற்றாகச் சுருண்டு பழுப்பு விதைகளைத் தெறிக்கவிடும். பிள்ளைகள் இதற்கென்றே தோட்டத்துக்கு வருவார்கள். அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: அந்திமந்தாரை விதை பார்க்க மிளகு மாதிரி இருக்கும், ஆனால் விஷம்.

செடிகளுக்கு நடுவே தினமும் துடைப்பம் போட வேண்டாம். மட்டையோ மரத்தூளோ கெட்டியாகப் போட்டு மூடவும் வேண்டாம், விழுந்த விதை வெளிச்சமில்லாமல் கிடக்கும். காய்ந்த செடியைப் பிடுங்கும்போது அந்த இடத்திலேயே இரண்டு உதறு உதறுங்கள். சாடித் தட்டில் தேங்கும் தண்ணீரை மட்டும் வாரம் தவறாமல் கொட்டுங்கள்; டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் குடம்பி (புழு) இருந்தால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம் வரும்.